ஹாலண்ட் சகோதரர்களை விட்டுவிட்டு மோடவுன் பற்றிப் பேசாதீர்கள்

மோடவுன் பாட்டுகள் என்று பேச்சு வந்தால் பாடகி டயானா ராஸ் பெயர் வரும். 1959இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் அந்த இசைத்தட்டுக் கம்பெனியை ஆரம்பித்த பெர்ரி கோர்டி பெயரும் வரும். சரி, இருவருமே பெரியவர்கள்தான். ஆனால் அந்தப் பாட்டுகளை எழுதிய எடி ஹாலண்ட், பிரையன் ஹாலண்ட் என்ற அண்ணன் தம்பியை யாரும் நினைப்பதில்லை. எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு.

டயானா ராஸ் முன்னணியில் பாடிய சுப்ரீம்ஸ் என்ற பெண்கள் குழு பாடியதில் 12 பாட்டுகள் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தன. அதில் 10 பாட்டுகள் இந்தச் சகோதரர்கள் லாமண்ட் டோசியருடன் சேர்ந்து எழுதியவை. அதற்கு முன்பு அந்தப் பெண்களுக்குக் கம்பெனிக்குள்ளேயே 'ஹிட் இல்லாத சுப்ரீம்ஸ்' என்று பெயர். 1964இல் 'வேர் டிட் அவர் லவ் கோ' வந்தது. அதிலிருந்து வரிசையாக ஐந்து பாட்டு முதலிடம்.

பெரும்பாலும் பிரையனும் லாமண்டும் மெட்டையும் ஒலிப்பதிவையும் பார்த்துக்கொள்வார்கள். எடி வரிகளை எழுதிப் பாடகர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். மூவரில் நாம் அதிகம் குறைத்து மதிப்பிடுவது எடியைத்தான். அவர் முதலில் பாடகர். 1962இல் 'ஜேமி' என்ற பாட்டு ஓரளவு ஓடவும் செய்தது. ஆனால் மேடை ஏறுவது அவருக்கு ஒத்துவரவில்லை. தம்பி பிரையனோ 1961லேயே 'ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்' பாட்டை எழுதியவர்களில் ஒருவர். பாடுகிறவரைவிட எழுதுகிறவருக்கே வரும்படி என்று புரிந்ததும் எடி இந்தப் பக்கம் வந்தார். காசுக்காக எழுத வந்தவர் என்று இதை லேசாகப் பேசிவிட முடியாது. வந்தபிறகு என்ன எழுதினார் என்று கேளுங்கள். தாளம் ஆடக் கூப்பிடும், வார்த்தைகள் 'விட்டுப் போகாதே' என்று கெஞ்சும். இரண்டும் ஒரே மூன்று நிமிடத்துக்குள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஃபோர் டாப்ஸ் பாடிய 'ரீச் அவுட் ஐல் பி தேர்', 1966. அந்தக் குழுவின் முன்னணிப் பாடகர் லீவை ஸ்டப்ஸுக்குக் கனத்த குரல். அவருக்கு வசதியான சுருதியில் விடாமல் வேண்டுமென்றே மேலே ஏற்றிப் பாடவைத்தார்கள். பாட்டில் ஆறுதல் சொல்கிறவர் அவர்தான். குரலைக் கேட்டாலோ அவருக்கே ஆறுதல் தேவைப்படுவதுபோல இருக்கும். அந்த முடிவை எடுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அப்புறம் பணத் தகராறு. 1968இல் மோடவுன் வழக்குப் போட்டது, இவர்கள் பதில் வழக்குப் போட்டார்கள், அது வருடக்கணக்கில் இழுத்தது. சொந்தமாக இன்விக்டஸ், ஹாட் வாக்ஸ் என்று கம்பெனிகள் ஆரம்பித்தும், அந்த வழக்கால் எழுதிய பாட்டில் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்ள முடியவில்லை. 1970இல் ஃப்ரீடா பெய்ன் பாடிய 'பேண்ட் ஆஃப் கோல்ட்' பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. எழுதியவர் இடத்தில் ரான் டன்பருடன் 'எடித் வேய்ன்' என்ற புனைபெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது இவர்கள்தான். வளரக் கோர்டி இடம் கொடுத்தார் என்பதை மறுக்கவில்லை. அதற்காகத் தன் பாட்டில் தன் பெயர் இல்லாமல் ஒருவர் ஒளிந்துகொள்ள வேண்டிவந்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை.

லாமண்ட் 2022இல் காலமானார். இனி யாராவது 'டயானா ராஸ் பாட்டு' என்று எதையாவது பகிர்ந்தால், அது இவர்கள் எழுதியதாக இருந்தால், கமெண்டில் மூன்று பேர் பெயரையும் நான் எழுதத்தான் போகிறேன்.