மணலும் கரியும் வடித்த வெள்ளநீரை அப்படியே குடிக்கலாமா?

அடிப்பாகம் வெட்டிய பாட்டிலில் பஞ்சு, அடுப்புக்கரி, மணல், கூழாங்கல் அடுக்கி ஊற்றினால் கலங்கிய வெள்ளநீர் குடிநீராகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது. அந்த அடுக்குகள் சேற்றைப் பிடிக்கும். ஆனால் வயிற்றுப்போக்கையும் மஞ்சள்காமாலையையும் உண்டாக்கும் கிருமிகள் மிக நுண்ணியவை என்பதால், கண்ணாடிபோல் தெளிந்து சொட்டும் நீரிலும் அவை இருக்கக்கூடும். மண்பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரைத்துத் தெளியவைக்கும் நீருக்கும் இதுவே பொருந்தும்.

வடிகட்டுவது வீண்வேலை அன்று, சேறு நீங்கிய நீரில்தான் குளோரினும் நன்றாக வேலைசெய்யும். வடித்த நீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் குறைந்தது 1 நிமிடமாவது கொதிக்க வேண்டும் என்பதை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் (சி.டி.சி.) இணையதளத்தில் சரிபார்க்கலாம். பூச்சிமருந்தோ எண்ணெயோ கலந்த நீரென்றால் கொதிக்கவைத்தும் குடிக்கக் கூடாது. கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கும் அந்த வாட்ஸ்அப் செய்தி போய்ச்சேர்கிறது. தயவுசெய்து இனி அதை யாருக்கும் அனுப்ப வேண்டாம்.