செடிகளுக்கும் மைட்டோகாண்ட்ரியா உண்டு

"செடிகளில் பசுங்கணிகம் இருப்பதால் மைட்டோகாண்ட்ரியா கிடையாது, அது விலங்குகளுக்கு மட்டுமே" என்று பரவும் பதிவு தவறு. செடிகளின் பச்சை செல்களில், ஒளியைக் கொண்டு சர்க்கரை தயாரிக்கும் பசுங்கணிகம், சர்க்கரையிலிருந்து சக்தி எடுக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற இரண்டு உறுப்புகளும் உண்டு.

பசுங்கணிகம் ஒளியைக் கொண்டு உருவாக்கும் ஏடிபியின் (செல்லின் வேலைகளுக்குச் சக்தி தரும் மூலக்கூறு) பெரும்பகுதி, அங்கேயே சர்க்கரை தயாரிக்கச் செலவாகிவிடுகிறது. ஒரு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடைச் சேர்க்கவே 3 ஏடிபி வேண்டும். அந்தச் சர்க்கரையை ஆக்சிஜன் கொண்டு சிதைத்து, செல்லின் மற்ற வேலைகளுக்கு ஏடிபி தருவது மைட்டோகாண்ட்ரியாதான். இரவில் இலைக்கும், இருட்டிலேயே கிடக்கும் வேருக்கு எந்நேரமும், அதை விட்டால் வேறு கதியில்லை.

தொட்டியில் நீர் தேங்கினால் செடி வாடுவதும் இதனால்தான். மண்ணின் காற்றிடைவெளிகளை நீர் அடைத்துவிட, வேருக்கு ஆக்சிஜன் போவதில்லை. அப்போது ஒரு குளுக்கோஸிலிருந்து சுமார் 30 ஏடிபிக்குப் பதில் 2 மட்டுமே கிடைக்கும். உப்புகளை உள்ளே இழுக்கச் சக்தியின்றி வேர் அழுகத் தொடங்கும். முதலில் தொட்டியின் அடித்துளை அடைப்பை நீக்குங்கள், உரம் பிறகு.