தார் சுற்றியது யார்?

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்னை மடக்கினார். “மார்க்சியத்துக்கு உபரி மதிப்புன்னு, அதாவது தொழிலாளி உழைப்புல கூலி போக முதலாளி எடுத்துக்கிற பங்குன்னு, ஒரு அடித்தளம் இருக்கு. உங்க பெண்ணியத்துக்கு என்னம்மா இருக்கு? எல்லாம் வெறும் ஆதங்கம்.” அதற்குள் ரசம் வந்துவிட்டது. பாதியில் விட்டதை இங்கே முடிக்கிறேன்.

கேள்வி பழசுதான். 1988இல் நான்சி ஃப்ரேசர், லிண்டா நிக்கல்சன் என்ற இரண்டு அமெரிக்கப் பெண்ணியச் சிந்தனையாளர்கள் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். எல்லா ஊருக்கும் எல்லாக் காலத்துக்கும் பொருந்துகிற ஒரு தத்துவத்தின் மேல் ஏறி நின்றால்தான் சமூகத்தை விமர்சிக்க முடியுமா? தேவையில்லை என்பது அவர்கள் கட்சி. அதற்காகப் பெரிய ஆய்வையே கைகழுவவும் இல்லை. ஆணாதிக்கம் இவ்வளவு பரந்து கிடக்கும்போது துண்டு துண்டாகப் பேசி என்ன ஆகப்போகிறது என்று கேட்டார்கள். ‘பெண்’ என்று ஒரே அச்சில் வார்த்த பெண்ணியக் கோட்பாடுகளையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. ஒரே நிறத்தில் நெய்யாமல், பல நிற இழை ஓடும் நெசவாகக் கோட்பாடு இருக்கட்டும் என்றார்கள்.

அழகான உவமைதான். ஆனால் நான் சேலம் அம்மாப்பேட்டையில் தறிக்குழிக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். நெசவு என்றதும் என் கண் தறிக்குப் போவதில்லை, மூலையில் கிடந்த ராட்டைக்குப் போகிறது.

பாட்டி தார் சுற்றுவார், அதாவது தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கிற சிறு குழலில் ஊடை நூலைச் சுற்றுவார். வலது கை சக்கரத்தில், இடது கை விரலிடுக்கில் நூல். ஓடி ஓடி ஆள்காட்டி விரலில் ஒரு கோடே விழுந்திருந்தது. புளிக்குழம்பு பிசையும்போது எரியும் என்பார். தார் இல்லாவிட்டால் நாடா வெறும் கட்டை. நெசவாளர் சங்கப் புத்தகத்தில் மட்டும் தாத்தா பெயர். கணக்கெடுக்க வந்தவரிடம் தாத்தா சொன்னார்: “அவ வீட்டுல சும்மாதான் இருக்கா.” பாட்டி ராட்டையை நிறுத்தக்கூட இல்லை.

2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 35 லட்சத்துக்கு மேல் தொழிலாளர்கள்; நூற்றுக்கு எழுபதுக்கு மேல் பெண்கள். நெய்கிறவர்களோடு தார் சுற்றுவது போன்ற துணை வேலைக்காரர்களையும் சேர்த்த எண் இது. எது வேலை, எது ‘சும்மா’ என்று கோடு கிழிப்பவர் யார்? நான் நிற்கும் அடித்தளம் இந்தக் கேள்விதான். வானத்திலிருந்து இறங்கியதல்ல.

ஏற்காட்டில் காப்பி பறிக்கும் அக்காவிடம் இதே கதையைச் சொன்னால் சிரிப்பார். அவர் பெயர் பதிவேட்டில் இருக்கிறது, கூலியும் வருகிறது. அவருடைய சண்டை கூலியின் அளவோடு. சாயங்காலம் வீட்டில் காத்திருக்கும் இரண்டாவது ஷிப்டோடு. என் பாட்டியை வைத்து அவருக்கும் சேர்த்துப் பேசினால் அது திமிர்.

1972இல் இத்தாலியில் கிளம்பிய ‘வீட்டுவேலைக்குக் கூலி’ இயக்கத்தைக் கேலி செய்தவர்கள் உண்டு. 2023 செப்டம்பரில் இங்கே தமிழ்நாட்டில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வந்தது. ஆயிரம் ரூபாய் போதுமா என்பது வேறு வழக்கு. ‘உதவி’ என்று வைக்காமல் ‘உரிமை’ என்று பெயர் வைத்தார்களே, அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை வருஷ வாதம்!

மாதாமாதம் அம்மா போனில் மெசேஜ் வந்ததும் அப்பா, “உதவிப்பணம் ஏறிடுச்சா?” என்பார்.

“உரிமைத் தொகை” என்பார் அம்மா, வெங்காயம் நறுக்கிக்கொண்டே.