ஆற்றுக்கு வணக்கம் சொல்லும் கான்ஸ்டபிள்

போன வாரம் ஏற்காடு பஸ்ஸில், ஒன்பதாவது வளைவோ பத்தாவது வளைவோ, வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா மடியிலிருந்த கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். காதில் ஒயர் இருப்பதைக் காட்டினேன்.

"படமா கண்ணு?"

"கதைங்க. ஒரு நாய், பேய் எங்க இருக்குன்னு குரைச்சுக் காட்டுது."

"நாய்க்குத் தெரியுமே" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு அது சிரிப்பும் இல்லை, அதிசயமும் இல்லை. அதிலிருந்துதான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் போகும், டீயோடு உட்காருங்கள்.

கதை, பென் ஆரோனோவிச் எழுதும் 'ரிவர்ஸ் ஆஃப் லண்டன்' வரிசை. 2011இல் முதல் நாவல் வந்தது. 2025இல் 'ஸ்டோன் அண்ட் ஸ்கை' வந்தபோது நாவல் மட்டும் பத்து. நடுநடுவே குறுநாவல்கள், காமிக்ஸ் எல்லாம் தனி. நாயகன் பீட்டர் கிராண்ட் லண்டன் போலீஸில் புதுக் கான்ஸ்டபிள். அம்மா சியரா லியோனிலிருந்து வந்து ஆபீஸ்களைக் கூட்டித் துடைப்பவர். அப்பா ஜாஸ் கலைஞர், வாழ்க்கையைப் போதையில் தொலைத்தவர். கோவெண்ட் கார்டனில் ஒரு கொலை நடந்த இடத்தில் இராத்திரிப் பாரா நிற்கும்போது ஒரு சாட்சி வந்து பேசுகிறார். நல்ல சாட்சிதான், விவரமாகச் சொல்கிறார். ஒரே சிக்கல், அவர் செத்து ரொம்ப வருஷம் ஆகிவிட்டது.

நமக்கு வேண்டியது அடுத்த நிமிஷம். பீட்டர் அலறி ஓடவில்லை. இதை நோட்டில் எப்படி எழுதுவது என்றுதான் யோசிக்கிறான். நம் ஊர் ஸ்டேஷன் ரைட்டர் ஒருவர் பேயிடம் மனு வாங்கி, சி.எஸ்.ஆர். ரசீது கிழித்துக் கொடுப்பதை நினைத்துப் பாருங்கள். பேய்க்கு அப்பா பெயர் என்ன, கதவு எண் என்ன? இந்த வரிசையின் ருசி முழுக்க அங்கேதான் இருக்கிறது.

எனக்கு இது கிடைத்தது தற்செயல். பழைய புத்தகக் கடையில் அறுபது ரூபாய்க்கு ஒரு புத்தகம் எடுத்தேன். அது மூன்றாவது என்று அட்டையில் எங்கேயும் எழுதவில்லை. பாதி புரியாமலே படித்து முடித்துவிட்டு, அப்புறம் முதலிரண்டைத் தேடிப் பிடித்தேன். மலைப்பாதையில் புத்தகம் படித்தால் நாலாவது வளைவிலேயே எனக்குக் குமட்டும். வேலையோ மேலே, வீடு கீழே சேலத்தில், குகை என்கிற பேட்டையில். ஒரு நாளைக்கு இருபதும் இருபதும் நாற்பது கொண்டை ஊசி. அதனால் ஒலிப்புத்தகத்துக்கு மாறினேன். வாசிப்பவர் கோப்னா ஹோல்ட்புரூக்-ஸ்மித் என்ற நடிகர். ஒரே மனுஷன் லண்டன் போலீஸ்காரனாகவும் ஆப்பிரிக்கத் தாயாகவும் பழைய காலத்துத் துரையாகவும் பேசுவதைக் கேட்டால், பஸ்ஸில் நாற்பது பேர் ஏறிவிட்ட மாதிரி இருக்கும்.

மந்திரத்துக்கு வருவோம். இந்தக் கதை உலகத்தில் மந்திரத்தை ஒழுங்குபடுத்தி எழுதி வைத்தவர் ஐசக் நியூட்டன். பீட்டரின் குரு நைட்டிங்கேல் 1900இல் பிறந்தவர், பார்த்தால் நாற்பது தாண்டினவர் மாதிரிதான் இருக்கிறார். மந்திரம் போட்டால் பக்கத்திலுள்ள செல்ஃபோனின் சிப் மணலாகப் பொடிந்துவிடும். அதனால் பீட்டர் முதலில் தன் ஃபோனுக்கு வழி பண்ணிவிட்டுத்தான் மந்திரம் போடுவான். டோபி என்று ஒரு நாய். மந்திரத்தின் தடம் எங்கே எவ்வளவு இருக்கிறது என்பதை அது குரைக்கிற குரைப்பை வைத்து அளக்கிறான், அதற்கு ஓர் அலகே வைத்திருக்கிறான். தமிழில் சொன்னால் லொள். ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிலொள். அன்றைக்குப் பஸ்ஸில் நான் சிரித்தது இதற்குத்தான்.

ஆனால் நான் பத்து நாவலையும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது நாய்க்காகவோ நியூட்டனுக்காகவோ இல்லை, ஆறுகளுக்காக.

இந்தக் கதையில் லண்டனின் ஒவ்வோர் ஆறும் ஓர் ஆள். தேம்ஸின் கீழ்ப்பகுதிக்கு அதிகாரி மாமா தேம்ஸ், நைஜீரியாவிலிருந்து வந்தவர். அவருடைய பெண்கள்தான் டைபர்ன், ஃப்ளீட், எஃப்ரா, பெவர்லி புரூக் என்ற சின்ன ஆறுகள். டெடிங்டன் மதகுக்கு மேலே ஃபாதர் தேம்ஸ் என்று ஒரு கிழவர், மகன்களோடு இருக்கிறார். கீழே இருந்தவர்தான். 1858இல் தேம்ஸ் சாக்கடையாகி நாறியபோது ஊரை விட்டு மேலே போய்விட்டார். அந்த நாற்றம் கதையல்ல, நிஜமாக நடந்தது. பார்லிமெண்ட் ஜன்னல் திரைகளைக் குளோரைடு சுண்ணாம்பில் நனைத்துத் தொங்கவிட்டும் உள்ளே உட்கார முடியவில்லை. அதற்கப்புறம்தான் பேசல்கெட் என்ற பொறியாளரின் பாதாளச் சாக்கடை வந்தது. அதற்கு முன்னும் பின்னுமாகச் சின்ன ஆறுகள் பல தெருவுக்கு அடியில் குழாய்க்குள் போய்ச் சேர்ந்தன. பத்திரிகை ஆபீஸ்களுக்குப் பேர் போன ஃப்ளீட் ஸ்ட்ரீட்டில் இன்றைக்கு ஆறு கண்ணில் படாது, பெயர் மட்டும் மேலே நிற்கிறது.

அந்தப் பத்தியைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குச் சட்டென்று தோன்றியது நம் ஆற்றோரக் காய்கறி மார்க்கெட். எத்தனை வருஷமாக "ஆத்தோரம் போய்ட்டு வர்றேன்" என்று சொல்லிக் கத்திரிக்காய் வாங்கி வந்திருக்கிறேன்! அந்த வார்த்தைக்குள் ஓர் ஆறு இருக்கிறது என்று ஒரு நாளாவது நினைத்திருப்பேனா? திருமணிமுத்தாறு. சேர்வராயன் மலையில் பிறந்து, ஊருக்குள் சுகவனேஸ்வரர் கோயில் ஓரமாக வந்து, நாமக்கல் பக்கம் போய்க் காவிரியில் சேர்கிற ஆறு. பெயரில் திருவும் இருக்கிறது, மணியும் இருக்கிறது, முத்தும் இருக்கிறது. பாலத்தைக் கடக்கும்போது நாம் மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம். எங்கள் அம்மாயி சின்ன வயதில் அந்த மணலில் ஊற்றுத் தோண்டிக் குடத்தில் மொண்டு வந்தாராம். அவர் சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. மந்திரவாதி கதை என்றால் நம்பியிருப்போம்.

என் தம்பிக்கு இந்த வரிசை பிடிக்காது. "அக்கா, இதெல்லாம் லண்டன்காரனுக்குச் சரி. தமிழ்ல இந்த அர்பன் ஃபேண்டஸி எடுபடாது. நம்மகிட்ட அந்த மரபே இல்ல" என்பான். நகரத்துக்குள்ளேயே மாயம் நடக்கிற கதைக்கு அப்படிப் பெயர். அவன் இதைச் சொன்ன அன்றைக்கு ஆடி மாதம், எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான், எதிரே வண்டி வேடிக்கை போய்க்கொண்டிருக்கிறது!

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஆடித் திருவிழாவில் குகை மாரியம்மன் கோயிலுக்கு வண்டி வேடிக்கை நடக்கும். வண்டிகளைச் சீரியல் செட் போட்டு அலங்கரித்து, சாமி வேஷம் கட்டியவர்களை ஏற்றி ஊர்வலமாகக் கொண்டுவருவார்கள். ஒரு வண்டியில் கைலாயம், அடுத்ததில் பாற்கடல். அன்றைக்கு இரண்டு வண்டிக்கு நடுவில் ஏதோ நெரிசல், எங்கள் வாசலில் அரை மணி நேரம் நின்றுவிட்டது. சிவபெருமான் கழுத்துப் பாம்பைச் சரி செய்துகொண்டே அம்மாவிடம் தண்ணீர் கேட்டார். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுச் சொம்போடு போனார். அவர் யார் வீட்டுப் பையன், எந்தப் பட்டறையில் கொலுசுக்குப் பொடி வைக்கிறான் என்பதெல்லாம் அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தேதான் செருப்பைக் கழற்றினார். சொம்பைத் திருப்பிக் கொடுத்த கையோடு சிவன் இடுப்பிலிருந்து ஃபோனை எடுத்து, "முன்னாடி என்னடா பண்றீங்க" என்று யாரையோ அதட்டினார்.

நகரம், போக்குவரத்து நெரிசல், செல்ஃபோன், சாமி, எல்லாம் ஒரே தெருவில். இதற்கு மேல் என்ன மரபு வேண்டும் என்று தம்பியைக் கேட்டேன். "அது வேற" என்றான். என்ன வேறு என்று இன்றுவரை சொல்லவில்லை.

நான் நினைப்பது இதுதான். இந்த வரிசையில் மந்திரத்தைவிட மரியாதைதான் பெரிய விஷயம். ஆற்றின் வீட்டுக்குப் போனால் எப்படி நடந்துகொள்வது, யாருக்கு முதலில் வணக்கம் வைப்பது, எதற்குச் சரி என்று சொல்லக் கூடாது. மாமா தேம்ஸ் வீட்டில் எதையும் வாயில் வைப்பதற்கு முன், கைம்மாறு எதிர்பார்க்காமல் தருகிறேன் என்று அவர் சொல்ல வேண்டும். சொல்லாமல் சாப்பிட்டால் அவருக்குக் கட்டுப்பட்டவன் ஆகிவிடுவான். வெள்ளைக்கார வாசகனுக்கு அது மாய விதி. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று கேட்டு வளர்ந்த நமக்கு அது வெறும் நடப்பு. ஒருத்தர் வீட்டில் ஏன் கை நனைக்காமல் வந்தோம், ஏன் நனைத்தோம் என்பதை வைத்து இரண்டு தலைமுறை பேசாமல் இருக்கிற குடும்பங்கள் நமக்குத் தெரியும்தானே?

முதல் நாவலில் மேலாற்றுக் கிழவருக்கும் கீழாற்று அம்மாவுக்கும் நடக்கும் சண்டையும் அப்படித்தான். அங்கே யாருக்கு எதுவரை அதிகாரம் என்பதுதான் வழக்கு. ஆனால் எங்கள் மாவட்டத்தில்தான் மேட்டூர் அணை இருக்கிறது. நூற்று இருபது அடியில் இன்றைக்கு எத்தனை அடி, ஜூன் 12இல் திறப்பார்களா மாட்டார்களா என்று தினமும் பேப்பரில் முதலில் அதைத் தேடும் அப்பாவுக்குப் பிறந்தவள் நான். மேலே ஒருவர், கீழே ஒருவர், நடுவில் ஒரு மதகு என்றால் எனக்கு விளக்கவுரையே வேண்டாம். கடைசியில் பீட்டர் பண்ணுவது பச்சையான பஞ்சாயத்து. இந்தப் பக்கத்துப் பிள்ளை அந்தப் பக்கம், அந்தப் பக்கத்துப் பிள்ளை இந்தப் பக்கம் என்று பிணை மாற்றி முடித்து வைக்கிறான். மந்திரக்கோல் எதுவும் இல்லை.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. நாலாவது நாவலின் கடைசிப் பக்கங்களில் ஒரு அடி விழும், நான் ஏற்காடு ஏரி ஸ்டாப்பில் இறங்க மறந்து உட்கார்ந்திருந்தேன். அந்த அடிக்குப் பதில் வர ஏழாவது வரை காத்திருக்க வேண்டும். ஏழில் பெரிய வில்லன் கதை முடிந்ததும் எட்டு எனக்குச் சப்பென்று இருந்தது. கம்ப்யூட்டர் கம்பெனி, அது இது என்று எங்கேயோ சுற்றியது. சில விஷயங்கள் காமிக்ஸில் நடந்துவிடுகின்றன, நாவல் மட்டும் படிக்கிறவர்கள் "இவர் யார்?" என்று முழிக்க வேண்டும். அது நியாயமில்லை. தவிர பீட்டருக்குக் கட்டடம் என்றால் உயிர். கட்டடக்கலை படிக்க ஆசைப்பட்டு, வரைய வராமல் போனவன். ஒரு வாசப்படியைப் பார்த்தால் போதும், கொலைகாரனை விட்டுவிட்டு அது எந்தக் காலத்துப் பாணி என்று அரைப் பக்கம் பேசுவான். முதலில் கடுப்பாக இருந்தது. இப்போது செவ்வாய்ப்பேட்டைப் பழைய வீடுகளின் தூணை நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

போன மாதம் சேர்வராயன் கோயிலுக்குப் போனோம். மலை உச்சியில் குகைக்கோயில், குனிந்துதான் உள்ளே போக வேண்டும். சேர்வராயனுக்குப் பக்கத்தில் காவேரியம்மன். எத்தனையோ தடவை கும்பிட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் உறைத்தது. காவிரி எங்கே, இந்த மலை உச்சி எங்கே? கீழே மேட்டூரில் ஓடுகிறவள் இங்கே ஏறி வந்து குகைக்குள் என்ன செய்கிறாள்? இந்தக் குகை காவிரிவரைக்கும் போகிறது என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு வேறு எண்ணம். லண்டன் நாறியபோது கிழவர் மேலே போனார் இல்லையா? தம்பியிடம் மெதுவாகச் சொன்னேன். அவன் ஈரச்சுவரில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப நம்ம முத்தாறு எங்க போச்சு?" என்றான்.

நுரை பொங்குகிற ஆற்றை ஒரு பரிதாபமான கிழவியாக நினைக்க எனக்கு இஷ்டமில்லை. 1957இல் தேம்ஸின் ஒரு பகுதி உயிரற்றுப் போனதாக அங்கத்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகமே சொல்லியது. இப்போது அதில் மீன் இருக்கிறது, கடல்நாய் நீந்துகிறது. கதையில் வரும் மாமா தேம்ஸும் யாரிடமும் அழுது புலம்புகிறவர் இல்லை, ராணி மாதிரி உட்கார்ந்து கணக்குக் கேட்கிறவர். எங்கள் முத்தாற்றம்மாளும் அப்படித்தான் இருப்பார். எந்தச் சாயப்பட்டறை எந்த ராத்திரி என்ன கலரைத் திறந்துவிட்டது என்று அவர் சேலையைப் பார்த்தே சொல்லிவிடலாம். காலையில் ஊதா, சாயங்காலம் மிளகாய்ப்பழச் சிவப்பு. ஸ்டேஷனில் அவர் மனு கொடுக்க வந்தால் ரைட்டர் எழுந்து நிற்பாரா என்பதுதான் என் கவலை.

தம்பி இப்போது முதல் புத்தகத்தை எடுத்துப் போயிருக்கிறான். பாதிவரை வந்துவிட்டானாம், "பரவால்ல" என்கிறான். அவன் அகராதியில் அது பெரிய பாராட்டு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஆறாவது நாவலை, டைபர்ன் அம்மையார் வீட்டு விவகாரம் வருமே, அதை என்னிடம் வாங்கிப் போன தோழிக்கு இந்தப் பதிவு கண்ணில் படும் என்று நம்புகிறேன். இரண்டு ஆடி போய்விட்டது. அலமாரியில் ஐந்து இருக்கிறது, ஏழு இருக்கிறது. ஆற்றை மட்டும் காணோம்.