ஃப்ரேசல் வெர்ப் எல்லாம் கொச்சையா?
வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றுகிறது: ஃப்ரேசல் வெர்ப் (வினையோடு 'அப்', 'அவுட்' மாதிரி ஒரு சிறு சொல் சேர்ந்து தனிப் பொருள் தரும் ஆங்கில வினை) எல்லாம் கொச்சை ஆங்கிலம், அலுவலகக் கடிதத்தில் எழுதினால் மரியாதை போச்சு, 'கேரி அவுட்', 'செட் அப்' வரும் இடமெல்லாம் கனமான ஒற்றைச் சொல்லைப் போடுங்கள் என்று. தவறு. இந்த இரண்டும் ஆய்வுக் கட்டுரை, நீதிமன்றத் தீர்ப்பு, அரசு அறிக்கை எல்லாவற்றிலும் சர்வசாதாரணமாக வரும். 1755இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், வெளிநாட்டவரை அதிகம் திணறடிப்பது இவ்வகை வினைகள்தான் என்று முன்னுரையில் சொல்லி, அதற்காகவே அவற்றைக் கவனமாகக் குறித்துவைத்தார். கொச்சை என்று ஒதுக்கவில்லை. சரி, 'மெஸ் அப்', 'ஹேங் அவுட்' மாதிரி சில உண்மையிலேயே நண்பர்களோடு பேசத்தான். அதற்காக மொத்தக் கூட்டத்தையும் தள்ளிவைப்பதா? சந்தேகம் வந்தால் அகராதியைப் புரட்டுங்கள், பேச்சுவழக்குச் சொல்லுக்குப் பக்கத்திலேயே 'இன்ஃபார்மல்' என்று போட்டிருப்பார்கள்.