ரேஸ் பிரேக் ஆயில் ரோட்டுக்குத் தேவையா?
ரேஸ் பிரேக் ஆயில் ஊற்றினால் வண்டி சீக்கிரம் நிற்கும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. அது சரியில்லை. வண்டியை நிறுத்துவது பிரேக் பேடும் (உராய்ந்து சக்கரத்தை நிறுத்தும் கட்டை) டயரும்தான். ஆயில் கொதித்துக் குமிழி வந்தால் பெடல் தரைவரை போகும், பிரேக் பிடிக்காது. அதுவரை எந்த ஆயிலும் ஏறக்குறைய ஒன்றுதான். புது டாட் 4 (பிரேக் ஆயிலின் ஒரு தரம்) குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. காற்றிலிருந்து ஈரம் ஏறிய பிறகு அந்தக் குறைந்தபட்ச அளவு 155தான். ரேஸ் ஆயில்கள் 300 தாண்டும், சரி. ஆனால் அடிக்கடி மாற்றவேண்டும், அதை யார் செய்கிறார்கள்? கையேட்டில் சொன்ன ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினாலே போதும். பாரத்தோடு மலைப்பாதையில் இறங்குபவர்கள் வேண்டுமானால் இன்னும் அதிகச் சூடு தாங்கும் டாட் 5.1 யோசிக்கலாம். அப்புறம், டாட் 5 வேறு சமாச்சாரம். அது சிலிகான், மற்றதோடு கலந்துவிடாதீர்கள்.