ஆறு எபிசோடில் நின்றுபோனால் மொக்கையா?

"ஆறே எபிசோடுல தூக்கிட்டான், அப்ப அது மொக்கைதானே?" போலீஸ் தொடர்களைக் கிண்டலடிக்கும் 'போலீஸ் ஸ்குவாட்!' என்ற பழைய அமெரிக்க நகைச்சுவைத் தொடரை இப்படித் தள்ளிய ஒரு பதிவின் மேல் நேற்று ஒரே சண்டை. லியாம் நீசன் நடித்த புதிய 'நேக்கட் கன்' நகைச்சுவைப் படம் வந்த பிறகு, அதன் மூலத்தைத் தேடிப் பலர் இந்தத் தொடரைப் பார்க்கிறார்கள். சந்தோஷம். பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் அதுவும் உங்கள் உரிமை. ஆனால் நிறுத்திவிட்டார்கள் என்பதையே தரத்துக்குச் சான்றாக நீட்டாதீர்கள்.

எப்படி நிறுத்தினார்கள்? 1982 மார்ச் 4 அன்று ஏபிசி சேனலில் தொடங்கியது. மார்ச்சில் நான்கு வாரம் ஓடியது. மீதி இரண்டை ஜூலையில் போட்டுக் கணக்கை முடித்தார்கள். சேனலின் பொறுப்பில் இருந்த டோனி தோமோபோலஸ் சொன்ன காரணம், இதை ரசிக்க வேண்டுமானால் ஆட்கள் இதைப் பார்த்தாக வேண்டியிருக்கிறது என்பது. ஒரு நிகழ்ச்சியின் மேல் இப்படியும் ஒரு குற்றச்சாட்டு! அந்த ஆண்டு தொலைக்காட்சிக்கான எம்மி விருதுக்கு, நாயகன் லெஸ்லி நீல்சனின் நடிப்பும் தொடரின் எழுத்தும் பரிந்துரைக்கப்பட்டன என்பதை யாரும் பேசுவதில்லை.

"எனக்குச் சிரிப்பே வரலை" என்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். எப்படிப் பார்த்தீர்கள்? கையில் போனோடு, ஒன்றரை மடங்கு வேகத்திலா? இதில் பின்னணிச் சிரிப்புச் சத்தம் கிடையாது. இங்கே சிரி என்று யாரும் சொல்லித்தர மாட்டார்கள், நடிகர்களும் சிரிக்க மாட்டார்கள். டைட்டிலிலேயே சிறப்பு விருந்தினரைக் கொன்றுவிடுவார்கள். அப்படி வந்த நடிகர் வில்லியம் ஷாட்னர் குண்டுகளுக்கெல்லாம் தப்பி, கடைசியில் விஷ மதுவைக் குடித்துச் சாவார். எபிசோடின் பெயர் திரையில் ஒன்று, அறிவிப்பாளர் வாயில் வேறொன்று. முதல் எபிசோடையே பாருங்கள்: திரையில் 'எ சப்ஸ்டான்ஷியல் கிஃப்ட்', குரலில் 'தி புரோக்கன் பிராமிஸ்'. அல் என்கிற போலீஸ்காரரின் தலை எந்தக் காட்சியிலும் திரைக்குள் வராது, அவ்வளவு உயரம். முடிவில் படம் உறைந்து நிற்பதுபோல் நடிகர்கள் அசையாமல் நிற்பார்கள். காபி மட்டும் கோப்பையிலிருந்து வழிந்துகொண்டே இருக்கும். இன்னொரு எபிசோடில் எல்லாரும் உறைந்திருப்பதைக் கைதி கவனித்துவிட்டுத் தப்பிக்கப் பார்ப்பான். சப்டைட்டிலிலேயே கண்ணை வைத்திருந்தால் இதில் பாதி தெரியாது. முதலில் சப்டைட்டிலோடு வசனத்தைப் பிடியுங்கள், அப்புறம் அதை அணைத்துவிட்டு ஆட்களுக்குப் பின்னால் நடப்பதைப் பாருங்கள். இருபத்தைந்து நிமிடம்தான். ஒரே மூச்சில் ஆறையும் பார்க்க வேண்டாம், அலுத்துவிடும்.

"ஜோக் எல்லாம் ஏற்கெனவே பார்த்தது" என்ற புகார்தான் என்னை அதிகம் நோகடித்தது. இதை வைத்து 1988, 1991, 1994 என்று வந்த மூன்று 'நேக்கட் கன்' படங்களைப் பார்த்துவிட்டு வந்தால் வேறெப்படி இருக்கும்? போலீஸ் காரின் சுழலும் விளக்கு, குப்பைத்தொட்டியில் மோதி நிற்கும் கார், எல்லாம் இந்தத் தொடரில் பிறந்தவை. பிள்ளையின் சாயல் இருக்கிறது என்று தாயைக் குறை சொல்வீர்களா?

"நூறு எபிசோடு போயிருந்தா தாங்கியிருக்காது" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். இருக்கலாம். இவ்வளவு நெருக்கமாக ஜோக் கட்டுவது வாராவாரம் முடிகிற வேலை இல்லை. ஆனால் நூறு போயிருக்குமா என்பதல்லவே பேச்சு, எடுத்த ஆறு எப்படி என்பதுதானே!

எனக்கு ஆறாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீல்சனுக்குப் படங்கள் வந்தன, உலகப் புகழ் வந்தது. தொடரில் நாயகனின் மேலதிகாரி கேப்டன் எட் ஹாக்கனாக அவருக்கு ஈடுகொடுத்து, முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் நடித்தவர் ஆலன் நார்த். படத்தில் அந்த வேடம் ஜார்ஜ் கென்னடிக்குப் போனது. கென்னடி பெரிய நடிகர், மறுக்கவில்லை. ஆனாலும் அந்த மின்தூக்கிக் காட்சிகளில் நார்த் எவ்வளவு அமைதியாக நிற்கிறார் என்று பாருங்கள். 'மொக்கை' என்று ஒரே வார்த்தையில் தள்ளியபோது அவரையும் சேர்த்துத்தான் தள்ளினீர்கள்.